டின்னில் வரும் இராச்சாப்பாடு

காலை ஏழு மணி இருக்கும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவுக்கு வேலைக்குப் புறப்பட்ட என் பெரியம்மா மகள் லயத்து வரிசை வீட்டுப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "தங்கச்சி, கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்றார். கை நடுங்கியது. சட்டை முழுக்க வியர்வை. ஜனவரி மாதத்து நுவரெலியாக் குளிரில் சும்மா நிற்கிற யாருக்கும் அப்படி வியர்க்காது. பக்கத்து வீட்டு மாமி நாலு கரண்டி சீனி போட்டுத் தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவந்து குடிக்க வைத்தார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அக்காவுக்கு முகம் தெளிந்தது.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. பத்து நாளாகக் காலையும் இரவும் சாப்பாட்டுக்குப் பதிலாக ஷேக் குடிக்கிறார். டவுனில் ஒரு மாடிக் கடையில் எடை பார்த்து, இடுப்பளவு எடுத்து, பொடி டின்னைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அக்காவுக்கு 52 வயது, நாலு வருடமாகச் சீனி வருத்தம். கிளினிக்கில் கொடுக்கும் மெட்போமின், கிளிக்லசைட் என்ற நீரிழிவு மாத்திரைகளை ஒரு நாள் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தார். சாப்பாடு பாதியாகக் குறைந்திருந்தது, மாத்திரை குறையவில்லை. முதல் வாரமே தலை சுற்றுகிறது என்று விற்றவருக்குப் போன் எடுத்திருக்கிறார். "அதெல்லாம் ஒடம்புல இருக்கிற நஞ்சு வெளியேறுற அறிகுறி, பயப்படாதீங்க அக்கா" என்று பதில் வந்திருக்கிறது.

அது நஞ்சு இல்லை. இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கியதன் அறிகுறி. அந்தக் காலைக்குப் பிறகு இந்த ஷேக் விஷயத்தை உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். "எல்லாம் ஏமாற்று" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். படிக்கப் படிக்க அப்படி முடிக்க முடியாது என்று தெரிந்தது. இந்த முறைக்குப் பின்னால் நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. அந்த ஆய்வுகளில் நடந்ததும் நம்முடைய டவுன் மாடிக் கடையில் நடப்பதும் வேறு வேறு. அந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எதை ஷேக் என்கிறோம் என்று பார்த்துவிடலாம். நம் பக்கத்தில் பொடியாக டின்னில் வருவதெல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணம் இருக்கிறது. மோல்ட் பானம், பிள்ளைகளுக்கான சத்துமா, ஜிம் போகிற தம்பிமார் குடிக்கும் புரோட்டீன் பொடி, நோயாளிகளுக்கான பால்மா எல்லாம் கடையில் ஒரே தட்டில் நிற்கின்றன. உணவுக்குப் பதிலாகக் குடிக்கும் ஷேக் என்பது இவற்றில் எதுவுமில்லை. உணவுத் தரங்களை வகுக்கும் சர்வதேச அமைப்பான கோடெக்ஸ் 1991இல் இதற்கென்றே ஒரு தரம் வெளியிட்டது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஈடாக விற்கப்படும் பொடி 200 முதல் 400 கலோரி வரை தர வேண்டும். அந்தச் சக்தியில் கால் பங்குக்குக் குறையாமல் புரதத்திலிருந்து வர வேண்டும், பாதிக்கு மேல் போகக்கூடாது. கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. விட்டமின்களும் கனிமங்களும் குறித்த அளவில் சேர்ந்திருக்க வேண்டும். மோல்ட் பானத்தைச் சீனியும் பால்மாவும் போட்டுக் கலக்கி "ராத்திரிக்கு இதுதான்" என்று குடிப்பவர்கள் நம்மிடையே நிறைய. அது சாப்பாட்டுக்கு ஈடாகாது, நீரிழிவு உள்ளவருக்கு நல்லதும் செய்யாது.

ஷேக் உணவுமுறை புதிதாக முளைத்ததும் அல்ல. 1959இல் அமெரிக்காவில் மெட்ரகால் என்ற பொடி வந்தது. ஒரு நாளைக்கு 900 கலோரி, வேறு எதுவும் சாப்பிட வேண்டாம் என்பதுதான் அதன் முறை. எழுபதுகளில் அதைவிட மோசமான ஒன்று பரவியது. மாட்டின் தோல், எலும்பு போன்றவற்றிலிருந்து எடுத்த கொலாஜனைத் திரவப் புரதம் என்று விற்றார்கள். அதை மட்டுமே குடித்து மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவர்களில் ஏறக்குறைய 60 பேர் இறந்ததை 1977, 1978ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அதிகாரிகள் விசாரித்தார்கள். பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோயிருந்தது. கொலாஜன் தரமான புரதம் அல்ல, உடலுக்கு வேண்டிய அமினோ அமிலங்கள் அதில் முழுமையாக இல்லை. இன்றைக்குத் தரமான ஷேக்கில் பால் அல்லது சோயாப் புரதமும் கனிமங்களும் கணக்குப் பார்த்துச் சேர்க்கப்படுவதற்கு அந்த மரணங்களும் ஒரு காரணம்.

சரி, நல்ல பக்கத்துக்கு வருவோம். இங்கிலாந்தின் நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் ரோய் டெய்லர் என்ற பேராசிரியர் 2011இல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டார். இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 11 பேர், எட்டு வாரம், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 கலோரி. அதில் பெரும்பகுதி ஷேக், மிச்சம் மரக்கறி. ஒரே வாரத்தில் வெறும் வயிற்றுச் சீனி சாதாரண அளவுக்கு வந்தது. ஈரலில் சேர்ந்திருந்த கொழுப்பு வேகமாகக் கரைந்தது. எட்டு வாரத்தில் கணையம் மறுபடி இன்சுலினை ஒழுங்காகச் சுரக்கத் தொடங்கியது. நீரிழிவு வந்தால் திரும்பாது, கூடிக்கொண்டே போகும் என்று வைத்தியர்களே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஈரலிலும் கணையத்திலும் கொழுப்பு அடைந்துகொள்வதுதான் நோயின் வேர் என்றும், அதை இறக்கிவிட்டால் நோய் பின்வாங்கும் என்றும் டெய்லர் சொன்னார்.

அதற்குப் பிறகு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மைக் லீனும் அவரும் சேர்ந்து ஸ்கொட்லாந்திலும் இங்கிலாந்தின் டைன்சைட் பகுதியிலும் பெரிய ஆய்வு ஒன்றை நடத்தினார்கள். டைரெக்ட் என்பது அதன் பெயர், 2017இல் முடிவுகள் வெளிவந்தன. மூன்று முதல் ஐந்து மாதம் வரை ஒரு நாளைக்கு 825 முதல் 853 கலோரி வரை ஷேக்கும் சூப்பும் மட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டுக்குத் திரும்புவது. ஓராண்டு முடிவில் இந்தக் குழுவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே நீரிழிவு தணிந்திருந்தது. வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவில் அது வெறும் 4 சதவீதம். 15 கிலோ அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்குத் தணிந்தது. ஒக்ஸ்போர்ட் பக்கம் நடந்து 2018இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், எட்டு வாரம் 810 கலோரி ஷேக்கில் இருந்து பிறகு உணவுக்குத் திரும்பியவர்கள் ஓராண்டில் சராசரி 10.7 கிலோ குறைத்திருந்தார்கள். சாதாரண ஆலோசனை பெற்றவர்கள் குறைத்தது 3.1 கிலோ.

இவை சின்ன எண்கள் அல்ல. எங்கள் குடும்பத்திலேயே மூன்று பேருக்குச் சீனி வருத்தம். ஒரு சித்தப்பாவுக்கு கால் விரல் எடுத்திருக்கிறது. நீரிழிவைத் தணிய வைக்க ஒரு வழி இருக்கிறது என்றால் நான் அதை அலட்சியமாகப் பேச மாட்டேன்.

ஏன் வேலை செய்கிறது? பொடியில் தனியாக ஒரு மந்திரமும் கிடையாது. அதன் பலம் அளவில் இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் எவ்வளவு, எது, இன்னொரு அகப்பை போடலாமா என்று மனதோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஒரு கரண்டி, ஒரு கோப்பை, முடிந்தது. நம் வீடுகளில் சோற்றை யாரும் நிறுத்துப் போடுவதில்லை. போடுகிற கையின் அன்புதான் அளவு. "இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்பதை மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று நமக்கெல்லாம் தெரியும். ஷேக் அந்தப் பேச்சையே இல்லாமல் செய்துவிடுகிறது. முதல் சில வாரம் எடை வேகமாக இறங்குவது மனசுக்கும் தெம்பு கொடுக்கும். எடை குறைக்கப் போகிறவர்களில் பாதிப்பேர் நடுவில் விடுவது பலன் கண்ணுக்குத் தெரியாததால்தான் என்று நான் நினைக்கிறேன்.

இனி அந்த ஆய்வில் டின்னைத் தவிர வேறு என்னென்ன இருந்தன என்று பாருங்கள். இதுதான் நம் டவுனில் யாரும் சொல்லாத பகுதி. டைரெக்ட் ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு நீரிழிவு வந்து ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கவில்லை. இன்சுலின் ஊசி போடுபவர்களைச் சேர்க்கவே இல்லை. ஷேக் தொடங்கிய முதல் நாளே நீரிழிவு மாத்திரைகளையும் பிரஷர் மாத்திரைகளையும் வைத்தியர்கள் நிறுத்தினார்கள், சீனியும் பிரஷரும் ஏறினால் திரும்பக் கொடுப்பதற்கு ஒழுங்கும் வைத்திருந்தார்கள். பயிற்சி பெற்ற தாதியோ உணவியல் நிபுணரோ ஒவ்வொருவரையும் குறித்த நாட்களில் பார்த்தார். உணவுக்குத் திரும்புகிற கட்டத்துக்கு மட்டும் வாரக்கணக்கில் நேரம் ஒதுக்கினார்கள். எடை மறுபடி ஏறினால் என்ன செய்வது என்பதற்கும் திட்டம் இருந்தது.

அக்காவுக்கு இதில் எதுவும் கிடைக்கவில்லை. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகள் நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்ப்பதில்லை. கணையத்தைத் தட்டி இன்சுலினை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். மூன்று ரொட்டி சாப்பிட்ட உடம்புக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்த மாத்திரையை 200 கலோரி பானத்தின் மேல் போட்டால் சீனி பாதாளத்துக்குப் போகும். தூக்கத்தில் போனால் எழுப்பவே முடியாமல் ஆகலாம். மெட்போமின் தனியாக அப்படிச் செய்வது அரிது. எம்பகிளிபுளோசின், டபகிளிபுளோசின் வகை நீரிழிவு மாத்திரைகள் வேறு விதமான ஆபத்து: மாச்சத்து திடீரெனக் குறைந்தால் இரத்தம் அமிலமாகும் கீட்டோ அசிடோசிஸ் வரலாம், அதுவும் சீனி பெரிதாக ஏறாமலே. பிரஷர் மாத்திரை போடுபவருக்கு எடை இறங்கும்போது பிரஷரும் இறங்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவருக்கு ஷேக்கில் இருக்கும் விட்டமின் கே மருந்தின் கணக்கைக் குழப்பும். தைரொயிட் மாத்திரையை சோயாவும் கல்சியமும் இரும்பும் உள்ள பானத்தோடு விழுங்கினால் மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது, நாலு மணி நேர இடைவெளி வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்குப் புரதமும் பொட்டாசியமும் கூடிய பொடி நேரடியாகவே தீங்கு. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் யாரும் இந்த முறைக்குள் வரவே கூடாது.

விற்கிறவர்கள் கெட்ட மனதோடு செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அக்காவுக்கு டின் கொடுத்தவரும் அதே ஷேக்கைக் குடித்து எடை குறைத்தவர்தான், தான் நம்பியதைத்தான் சொன்னார். ஆனால் ஒருவருடைய மாத்திரைப் பெயரைக் கேட்காமல் அவருடைய சாப்பாட்டைப் பாதியாக்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதற்குத்தான் கோபப்படுகிறேன்.

நிறுத்திய பிறகு எடை திரும்ப ஏறுமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. பெரும்பாலும் ஏறும். வேகமாகக் குறைத்தால் வேகமாக ஏறும் என்ற நம்பிக்கை மட்டும் அப்படியே சரியல்ல. மெல்பேர்னில் 200 பேருக்கு மேல் சேர்த்து நடத்தி 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 12 வாரத்தில் வேகமாகக் குறைத்தவர்களும் 36 வாரத்தில் மெதுவாகக் குறைத்தவர்களும் மூன்று வருடத்துக்குள் ஏறக்குறைய ஒரே அளவுக்கு, குறைத்ததில் 71 சதவீதம் வரை, திரும்ப ஏற்றிக்கொண்டார்கள். அதாவது இரண்டு வழியிலும் அதே சிக்கல். காரணத்தை அதே ஊரில் பிரியா சுமித்திரனும் கூட்டாளிகளும் 2011இல் காட்டியிருந்தார்கள். 50 பேரைப் பத்து வாரம் குறைந்த கலோரி ஷேக்கில் வைத்தார்கள், சராசரி 13.5 கிலோ இறங்கியது. ஓராண்டு கழித்துப் பார்த்தாலும் பசியைத் தூண்டும் ஹோர்மோன்கள் கூடியே இருந்தன, வயிறு நிறைந்தது என்று சொல்லும் ஹோர்மோன்கள் குறைந்தே இருந்தன. இழந்த எடையை உடம்பு தேடிக்கொண்டே இருக்கிறது. எடை ஏறியவரைப் பார்த்து "உனக்கு வாய்க்கட்டு இல்லை" என்று சொல்வதை நாம் நிறுத்திக்கொள்ள இது ஒன்றே போதும். டைரெக்ட் ஆய்விலும் நீரிழிவு தணிந்தவர்கள் இரண்டாம் ஆண்டில் 36 சதவீதமாகவும், ஐந்தாம் ஆண்டில் அதைவிட வெகு கீழேயும் குறைந்துவிட்டார்கள்.

இன்னும் சில விஷயங்கள் மலையில் வாழும் நமக்கே உரியவை. குறைந்த கலோரியில் இருக்கும் உடம்பு சூட்டைச் சேமிக்கும், அதனால் குளிர் அதிகமாகத் தெரியும். கொழும்பில் இருப்பவருக்கு அது ஒரு சின்ன அசௌகரியம். 1,800 மீற்றருக்கு மேலே, தகரக் கூரைக்குக் கீழே, மழைக்காலத்தில் அது இரவெல்லாம் தூக்கத்தைக் கெடுக்கும். நம் ஆட்களுக்குக் குளிர் என்றால் கை போவது சீனி போட்ட தேத்தண்ணிக்கு. அப்போது ஷேக்கில் மிச்சம்பிடித்ததெல்லாம் கோப்பையில் திரும்பி வந்துவிடும்.

வேலையும் அப்படித்தான். டைரெக்ட் ஆய்வில் ஷேக் காலத்தில் கூடுதல் உடற்பயிற்சி செய்யுமாறு யாரையும் கேட்கவில்லை. நம் பெண்களோ காலைப் பெரட்டு (வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டம்) முடிந்து, கூடையோடு சரிவில் ஏறி இறங்கி, கொழுந்து நிறுக்க மடுவத்துக்குச் சுமந்து வருகிறார்கள். 800 கலோரியில் அந்த வேலையைச் செய்யச் சொல்வது பெரிய தவறு. வேகமாக எடை குறையும்போது இறங்குவது கொழுப்பு மட்டும் அல்ல, சதையும் இறங்கும். இறங்கிய எடையில் ஏறக்குறைய கால் பங்கு சதையாக இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஐம்பது வயதுக்கு மேல் போன சதை லேசில் திரும்பாது. மலையில் கால் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்புதான் உடையும்.

பித்தப்பைக் கல், மலச்சிக்கல், சில மாதம் கழித்து முடி கொட்டுவது எல்லாம் வேகமான எடை இழப்போடு சேர்ந்து வருபவை. பாலில் கலந்து குடிக்கும் பொடி பலருக்கு வயிறு ஊதி உபத்திரவம் கொடுக்கும், பால் சர்க்கரை செரிக்காத உடம்பு நம் சமூகத்தில் சாதாரணம். மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரை அப்படியே எடுத்துக் கலக்கக்கூடாது, கொதித்தாறிய தண்ணீர் வேண்டும். ஷேக் குடித்த கையோடு சாயத்தண்ணி குடித்தால் அதிலுள்ள இரும்புச் சத்தைத் தேயிலை பிடித்துவைத்துக்கொள்ளும். இரத்தம் குறைவான பெண்கள் நிறைந்த இடத்தில் இதை ஞாபகம் வைத்திருப்பது நல்லது.

ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டும். மலையகத்தில் எடை குறைப்பு என்ற பேச்சே வேறு அர்த்தம் கொள்கிறது. 2016இல் நடந்த குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17.3 சதவீதம், தோட்டத்துறையில் 31.7 சதவீதம். இந்த மண்ணில் பொடி என்றால் முதலில் ஞாபகம் வருவது திரிபோஷ. சோளமும் சோயாவும் சேர்ந்த அந்தச் சத்துமா 1973இல் தொடங்கிய திட்டம், எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தாய்மாருக்கும் கொடுப்பது. ஒரே லயத்தில் ஒரு காம்பராவில் பிள்ளையின் எடை ஏற திரிபோஷ, அடுத்த காம்பராவில் அம்மம்மாவின் எடை இறங்க ஷேக். இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம்.

ஏனென்றால் தாய் வயிற்றிலும் சிறு வயதிலும் பட்டினி கண்ட உடம்பு பின்னாளில் நீரிழிவுக்கு எளிதில் வழிவிடும் என்று 1992இல் ஹேல்ஸ், பார்க்கர் என்ற இருவர் எழுதினார்கள். பூனேயில் வைத்தியர் யாஜ்னிக், நம் பகுதிக் குழந்தைகள் ஐரோப்பியக் குழந்தைகளைவிட மெலிந்து பிறந்தாலும் உடம்பில் கொழுப்பின் பங்கு அதற்கேற்பக் குறைவதில்லை என்று காட்டினார். அக்கா பிறந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் அரிசியும் மாவும் கிடைக்காமல் சனங்கள் பட்டினி கிடந்ததையும், இறப்புகள் கூடியதையும் பெரியம்மா இன்றும் சொல்வார். கீரையையும் கிழங்கையும் தேடிப் போன கதையெல்லாம் நாங்கள் கேட்டு வளர்ந்தவர்கள். அந்த வயிற்றில் வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான் இன்றைக்கு ஐம்பது வயது.

இதனால்தான் நம்மவர்களுக்கு "குண்டு" என்ற தோற்றம் இல்லாமலே சீனி வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் ஆசியருக்கு, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறைச் சுட்டி 23ஐத் தாண்டினாலே கவனம் வேண்டும், 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று சொன்னது. இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 என்பது தெற்காசியருக்கான எல்லை. டெய்லரின் குழு 2023இல் வெளியிட்ட இன்னொரு சிறிய ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது. பெரிதாகப் பருமன் இல்லாத, நீரிழிவு உள்ள 20 பேர், கட்டம் கட்டமாக எடையில் பத்து சதவீதத்தை ஒட்டி இறக்கினார்கள். 14 பேருக்கு நோய் தணிந்தது. 15 கிலோ இறக்க வேண்டியதில்லை. 58 கிலோ உள்ள ஒரு பெண்ணுக்கு ஐந்தாறு கிலோவே பெரிய மாற்றம். அந்த ஐந்தாறு கிலோவுக்கு டின் கட்டாயமா என்பதுதான் நம் கேள்வி.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் அக்கா வாங்கிய ஒரு டின் ஒன்பது நாள் உழைப்பு, இரண்டு வேளை குடித்தால் இரண்டு வாரம்கூட வராது. மகனிடம் வாங்கிய காசு அது. வீட்டில் மற்றவர்களுக்கு முட்டை வாங்குவதைக் குறைத்துவிட்டுத்தான் இரண்டாவது டின் வாங்க நினைத்திருந்தார். "நாலு பேரைச் சேர்த்துவிட்டால் உங்களுக்கு டின் சலுகையில் கிடைக்கும்" என்றும் சொல்லியிருக்கிறார்கள். பொருளை விட ஆள் சேர்ப்பதில் காசு வரும் பிரமிட் திட்டங்களை இந்த நாட்டில் வங்கிச் சட்டம் தடை செய்திருக்கிறது. எந்தக் கடை அந்த எல்லையைத் தாண்டுகிறது என்பது சட்டம் தீர்மானிக்க வேண்டியது. என் கவலை வேறு: சேர்த்துவிடப் போகிற அந்த நாலு பேரும் அக்காவோடு கிளினிக்கில் வரிசையில் உட்காருபவர்கள், அதே மாத்திரை போடுபவர்கள்.

ஷேக்கின் பலம் அளவுதான் என்றால் அந்த அளவை நம் சாப்பாட்டிலேயே பிடிக்க முடியுமா என்று அக்காவும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சமையலறைத் தராசு ஒன்றை இரவல் வாங்கினேன். இரவுக்கு அக்கா சாப்பிடும் இரண்டு ரொட்டிக்கு 200 கிராம் கோதுமை மா போயிருந்தது. அதுவே 700 கலோரி, தேங்காய்ப்பூவும் சம்பலும் சேர்த்தால் 900ஐத் தொடும். ஒரு நாளைக்கு ஐந்து கோப்பைத் தேத்தண்ணி, கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி என்றால் 50 கிராம், அது இன்னொரு 200 கலோரி. சீனியை 25 கிராமுக்குள் வைத்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தக் கணக்கைப் பார்த்து அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "சீனி வருத்தம்னு தெரிஞ்சும் இதத்தான் குடிச்சேனா" என்றார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற உடம்புக்கு மாவும் சீனியும்தான் மலிவான தெம்பாக இருந்தது, அந்தப் பழக்கம் மலையை விட்டு வந்த பிறகும் கூடவே வந்துவிட்டது.

இன்னொரு பக்கம் இப்படிப் போட்டோம்: இரண்டு அவித்த முட்டை, அரைக் கோப்பை அவித்த கடலை, ஒரு பெரிய தட்டுக் கோவாவும் லீக்ஸும் எண்ணெய் குறைத்து வதக்கியது. எல்லாம் சேர்த்து 300 கலோரியைச் சற்றுத் தாண்டும், புரதம் 20 கிராமை ஒட்டி வரும். ஷேக்குக்குச் சொன்ன 200 முதல் 400 கலோரி எல்லைக்குள்தான் இருக்கிறது. டின்னில் இருக்கும் விட்டமின் பட்டியல் இதில் அப்படியே வராது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். மூன்று வேளையும் இப்படியே இருந்தால் குறைபாடு வரும். ஒரு வேளைக்கு, இரவுக்கு மட்டும், இது தாராளமாகப் போதும். வாயால் மென்று சாப்பிடுகிறோம், வீட்டில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம், காலையில் பிள்ளைகளுக்கும் அதே கடலை மிஞ்சும். முட்டை சாப்பிடாத நாளில் பயறு, சோயா மீட், கொஞ்சம் நெத்தலி என்று மாற்றிக்கொள்ளலாம்.

அப்படியானால் ஷேக்கே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். நீரிழிவு வந்து சில வருடமே ஆனவர், உட்கார்ந்து வேலை செய்பவர், எடை நன்றாகக் கூடியவர், மாத்திரையை மாற்றிக் கொடுக்கவும் வாரா வாரம் பார்க்கவும் ஒரு வைத்தியர் இருக்கிறார், காசும் இருக்கிறது என்றால், முறையான ஷேக் மூன்று மாதத்தில் செய்வதை வேறு உணவுமுறை செய்வது கடினம். கண்டியிலோ கொழும்பிலோ வேலை செய்யும் நம் பிள்ளைகளில் இந்தக் கட்டத்துக்குள் வருபவர்கள் இருக்கிறார்கள். மதியம் கடைச் சாப்பாட்டுப் பொட்டலத்துக்குப் பதிலாக ஒரு வேளை ஷேக் என்பது அவர்களுக்கு நியாயமான ஏற்பாடுதான். ஐரோப்பிய ஒன்றியமே எடையைக் குறைந்த இடத்தில் நிலைநிறுத்த ஒரு வேளையை ஷேக்காக மாற்றுவது உதவும் என்று பொட்டலத்தில் எழுத அனுமதிக்கிறது. தோட்டத்தில் இருக்கும் நமக்கு, நான் பார்த்தவரையில், முதலில் செய்ய வேண்டியது சீனியையும் இராத்திரி மாவையும் நிறுத்துப் பார்ப்பது. டின் அதற்குப் பிறகு வரட்டும், அதுவும் கிளினிக் வழியாக வரட்டும்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் பரிசோதனை நிலையங்களில் எடை, பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகவே பார்க்கிறார்கள், குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் நாள் சொல்வார். ஏற்கெனவே கிளினிக் போகிறவர்கள் சாப்பாட்டைக் குறைக்கப் போவதை முன்கூட்டியே அங்கே சொல்ல வேண்டும், முட்டையும் கடலையுமாகக் குறைத்தாலும் சரி. ரொட்டியைப் பாதியாக்கினாலும் கிளிக்லசைட் அதே வேலையைத்தான் செய்யும். இடையில் நடுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே மூன்று நாலு கரண்டி சீனி கரைத்துக் குடித்துவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் பார்த்து, ஏதாவது சாப்பிட்டு, அன்றைக்கே வைத்தியரிடம் போவது நல்லது.

அக்காவின் கிளிக்லசைட்டை வைத்தியர் பாதியாகக் குறைத்திருக்கிறார். ரொட்டி ஒன்றாகியிருக்கிறது, அதுவும் பகலில். தேத்தண்ணி ஐந்து கோப்பை அப்படியே இருக்கிறது, சீனி கோப்பைக்கு அரைக் கரண்டி. ஆறு மாதத்தில் நாலு கிலோ இறங்கியிருக்கிறது. டின்னில் கால்வாசி இன்னும் மீதி இருக்கிறது, தூக்கிப்போட மனசில்லை என்கிறார். அடுத்த கிளினிக் நாளுக்கு அதையும் பையில் போட்டு எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். பின்பக்கம் இருக்கும் அட்டவணையை வைத்தியர் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.